நட்டு மோதிரம் நகையாகுமா?



சென்ற பருவத் தேர்வு முடிந்த அன்று எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் ஒரு தொழில் திட்டத்தோடு விடுதிக்கு வந்தான். போல்ட்டில் மாட்டுகிற நட்டு இருக்கிறதல்லவா, அதைக் கடைந்து மோதிரமாக விற்பதாம்! "மெக்கானிக்கல் பசங்க கையில மெக்கானிக்கல் மோதிரம். ஒண்ணு 200 ரூபாய். நீ ஒரு 5000 போடுடா, பார்ட்னர் ஆயிடலாம்" என்றான். விடுதியே சிரித்தது. அன்று முதல் அவன் பெயரே நட்டு!

நானும்தான் சிரித்தேன். ஆனால் கிறுக்குத்தனம் என்பதற்காக மட்டும் ஒரு யோசனையைத் தள்ளிவிட முடியாது. 1975-ல் அமெரிக்காவில் 'மூட் ரிங்' என்று ஒரு மோதிரம் வந்தது. சூட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் திரவப் படிகத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, 'உங்கள் மனநிலையைக் காட்டும்' என்று விற்றார்கள். மனசையாவது, மோதிரம் காட்டுவதாவது! அது காட்டியது விரலின் வெப்பத்தை. ஆனாலும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு மலிவான போலிகள் குவிந்தன, மோகமும் போயிற்று.

ஆகவே நட்டு மோதிரத்தையும் எடை போட்டுப் பார்த்தேன், நிஜமாகவே தராசில். விரல் நுழைய எம்20 நட்டாவது வேண்டும். அது 60 கிராமுக்கு மேல், கிட்டத்தட்ட எட்டுப் பவுன்! துளையை 19 மி.மீ. ஆக்கி, உயரத்தை 6 மி.மீ.க்குச் சீவினாலும் 20 கிராமுக்குக் குறையாது. சாதா இரும்பு நம்ம ஊர் வியர்வையில் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் விலையும் கூடும், லேத்தில் டூலும் சீக்கிரம் மழுங்கும். விரல் வீங்கிவிட்டால் தங்க மோதிரத்தைச் சுலபமாக வெட்டி எடுக்கலாம், இதை எடுப்பது பெரும்பாடு. எல்லாவற்றுக்கும் மேலே, மெஷின் பக்கம் போகும்போது மோதிரத்தைக் கழற்று என்பதுதான் பட்டறையில் நாம் படித்த முதல் பாடம். அப்புறம் எந்த மெக்கானிக்கல் பையன் இதைப் போடுவான்?

"நகைன்னா நம்ம ஜனங்க வாங்காம இருப்பாங்களாடா?" என்று நட்டு கேட்டான். இங்கேதான் எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லை. எங்கள் வீட்டில் நகை என்றால் அம்மாவின் அரைப் பவுன் கம்மல் ஒன்றுதான். நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்த அன்று அது அடகுக்குப் போனது. சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது, அம்மா காதில் வேப்பங்குச்சி இருக்கிறது. அவசரத்துக்கு வைத்தால் பணம் தருவதைத்தான் எங்கள் தெருவில் நகை என்பார்கள். நட்டை வைத்தால் எந்தக் கடைக்காரர் பத்து ரூபாய் கொடுப்பார்? அது விளையாட்டுச் சாமான். விளையாட்டுச் சாமான் விலைக்குத்தான் விற்க வேண்டும்.

நட்டு கேட்ட 5000, நான் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்தது, கம்மலை மீட்க. அதைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "மோதிரம் வேண்டாம், சின்ன நட்டுல செயின் டாலர் பண்ணு. பத்தே பத்து. விளையாட்டு விழா அன்னைக்கு 40 ரூபாய்க்கு வித்துப் பார்ப்போம், அதுக்கு 300 நான் போடறேன்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் இரண்டு எம்5 நட்டுகளைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டு வந்தான். "ஒண்ணு ஒரு கிராம் சொச்சம்தான்டா. கம்மலாப் பண்ணினா உங்கம்மா போடுவாங்களா?"

"முதல்ல அதை மீட்டுட்டு வர்றேன், அப்புறம் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.