கொசுறும் எக்ஸ்ட்ராவும்

2019 ஜூலையில் இந்தி நடிகர் ராகுல் போஸ் படப்பிடிப்புக்காகச் சண்டிகர் போயிருந்தார். தங்கினது ஜே.டபிள்யூ. மேரியட் ஓட்டலில். ஜிம்மில் உடற்பயிற்சி செய்யும்போது ரெண்டு வாழைப்பழம் கேட்டார். பழம் வந்தது, கூடவே பில்லும் வந்தது: 442 ரூபாய் 50 காசு. பழத்துக்கு 375, அதுக்கு மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. 67 ரூபாய் 50 காசு. பில்லில் வாழைப்பழம்னு கூட இல்லை, ‘ஃப்ரூட் பிளாட்டர்’னு போட்டிருந்தது. மனுஷன் அதை வீடியோ எடுத்து ட்விட்டரில் போட்டார். நாடே பார்த்துச் சிரிச்சது.

நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும் கணக்குப் போட்டேன், வாழை போடுகிறவனுக்கு வேற என்ன வரும்? ஒரு பழம் 221 ரூபாய் 25 காசு. எங்க பிளவக்கல் பக்கம் நல்லா விளைஞ்ச நாட்டுத் தாரில் நூறு பழம் நிக்கும். அப்படிப் பார்த்தா ஒரு தார் 22,125 ரூபாய். நூறு தார் வெட்டினா 22 லட்சத்துச் சொச்சம். இங்கே நிலவரம் என்னன்னா, தாரை 150 ரூபாய்க்குக் கேட்டுட்டு அதையும் வேண்டாம்னு போன வியாபாரியும் உண்டு, ஆவணி முகூர்த்தத்துக்கு 600 கொடுத்துத் தூக்கிட்டுப் போனவரும் உண்டு.

இதைப் படிச்சதும் “பாருங்க, விவசாயி வயிற்றில் அடிக்கிறான் ஓட்டல்காரன்”னு நான் எழுதப்போறதா நினைச்சிருப்பீங்க. அப்படி எழுதினா கைதட்டுவீங்க, எனக்கும் சௌகரியம். ஆனா என் அபிப்பிராயம் அது இல்லை.

அந்த ஓட்டலில் விற்றது வாழைப்பழம் மட்டும் இல்லை. இருக்கிற இடத்தை விட்டு நகராமல், கேட்ட நேரத்துக்கு, கழுவித் தட்டில் வைச்சு, ஒரு ஆள் சுமந்துகொண்டு வந்து கொடுக்கிற வேலையையும் சேர்த்துத்தான் விற்றாங்க. அந்த ஆளுக்குச் சம்பளம், லிஃப்டுக்குக் கரண்டு, விரிச்சிருக்கிற கம்பளம், மேலே தொங்குகிற விளக்கு எல்லாம் அந்தப் பழத்து மேல ஏறி உட்கார்ந்திருக்கு. ஓட்டல் அதிபர்கள் சங்கமும் அப்போ கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. பழம் மட்டும் வேணும்னா வெளியே நடந்துபோய்ச் சந்தை விலைக்கு வாங்கிக்கலாம். அவங்க சொன்னது நியாயம்தான்.

வரிதான் சிக்கல். பச்சையா விளைஞ்சு வருகிற பழத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரி இல்லாத பொருளுக்கு வரி போட்டதுன்னு சொல்லி சண்டிகர் கலால் மற்றும் வரித்துறை அந்த ஓட்டலுக்கு 25,000 ரூபாய் அபராதம் போட்டது. நாங்க கொடுத்தது பழம் இல்லை, உணவு பரிமாறுகிற சேவை, அதுக்கு 18 சதவீதம் உண்டுங்கிறது ஓட்டல்காரங்க வாதம். யோசிச்சுப் பாருங்க, என் தோட்டத்தில் தொங்குகிற வரைக்கும் அது பழம். தட்டில் ஏறினதும் சேவை. பழம் என்னவோ அதே பழம்தான்.

அதே வருஷம் நவம்பரில் இசையமைப்பாளர் சேகர் ரவ்ஜியானி அகமதாபாத் ஹயாத் ரீஜென்ஸியில் மூணு முட்டையோட வெள்ளைக்கரு சாப்பிட்டார். சர்வீஸ் சார்ஜ், வரி எல்லாம் சேர்த்து 1,672 ரூபாய். மஞ்சக்கரு எங்கே போச்சுன்னு தெரியலை. அதுக்கும் காசு வாங்கியிருப்பாங்கன்னுதான் எங்க வீட்டில் சொன்னாங்க.

தண்ணீர் பாட்டில் கதை இன்னும் பழசு. பாட்டில் மேல எம்.ஆர்.பி. அச்சடிச்சிருக்கும்போது அதுக்கு மேல ஓட்டல் வாங்கலாமான்னு வருஷக்கணக்கா வழக்கு நடந்தது. 2017 டிசம்பர் 12-ல் நீதிபதிகள் நாரிமன், நவீன் சின்கா அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு, வாங்கலாம்னு தீர்ப்பு சொல்லிருச்சு. ஓட்டலுக்கு வருகிறவர் வெறும் தண்ணீர் பாட்டில் வாங்க வரலை, உட்கார இடம், பரிமாற ஆள் எல்லாத்தையும் சேர்த்துத்தான் அனுபவிக்கிறார் என்கிறது அதோட சாரம். சர்வீஸ் சார்ஜ் விஷயத்தில் கதை வேற. கேட்காமலே பில்லில் சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் சொன்னது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போக, 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையம் சொன்னதே சரின்னுருச்சு. கொடுக்கிறவர் மனசு வைச்சுக் கொடுத்தா உண்டு, இல்லேன்னா இல்லை.

ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையில் பெரிய ஓட்டல் ஒண்ணில் ஒரு ராத்திரி தங்கியிருக்கேன். ரூம் பொண்ணு வீட்டுக்காரர் போட்டது. மேஜை மேல ரெண்டு தண்ணீர் பாட்டில் இலவசம்னு சீட்டு. சின்ன பிரிட்ஜுக்குள்ள இருந்த முந்திரிப் பருப்பு, சாக்லேட், ஜூஸ் எல்லாத்துக்கும் தனித்தனியா விலை போட்ட அட்டை. துணி துவைக்க ஒரு அட்டை. ஒரு சட்டை வெளுக்க அதில் போட்டிருந்த ரூபாய்க்கு ராஜபாளையத்தில் துணி எடுத்துப் புதுச்சட்டையே தைச்சிரலாம். காலையில் கீழே இறங்கி, ரோட்டைத் தாண்டி, டீக்கடையில் டீ குடிச்சேன். விலை அதிகமா இருந்தாலும் அந்த அட்டை எனக்குப் பிடிச்சிருந்தது. என்ன வேணும், எவ்வளவு ஆகும்னு முன்னாலயே தெரிஞ்சுபோச்சு. வேணும்னா எடு, வேண்டாம்னா மூடி வை. இதில் யாரும் யாரையும் ஏமாத்தலை.

இப்போ எங்க ஊருக்கு வாங்க.

பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணை. தண்ணீர் நிறைஞ்சிருக்கிற மாசங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆச்சுன்னா மதுரை, சிவகாசின்னு கார்கள் வந்து நிக்கும். மலையைப் பார்ப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, திரும்பும்போது வழியில் கொய்யா, மாங்காய், இளநீர் வாங்குவாங்க. வாங்கட்டும், சந்தோஷம். கொய்யா கிலோ அறுபதுன்னா நாற்பதுக்குக் கேட்பாங்க. ஐம்பதுக்கு முடிஞ்சதும் “கொசுறு ஒண்ணு போடுங்கண்ணே”ன்னு ஒரு பழத்தை அவங்களே எடுத்துப் பையில் போட்டுக்குவாங்க.

கொசுறு நம்ம ஊர் வழக்கம், அதில் எனக்கு வருத்தம் கிடையாது. காய் வாங்கினா கறிவேப்பிலை, பூ வாங்கினா ஒரு கண்ணி கூட. கொடுக்கிறவளுக்கும் அதில் ஒரு பெருமை இருக்கு. ஆனா கேட்டு வாங்குகிறதுக்கும் உரிமையா எடுக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா? ஓட்டலில் தட்டு, கம்பளம், லிஃப்டு எல்லாத்துக்கும் எக்ஸ்ட்ரா கொடுக்கிற அதே கைதான் இங்கே எக்ஸ்ட்ராவைச் சும்மா எடுக்குது. விடிகாலையில் மரமேறி வெட்டின கூலி, ரோட்டுக்குச் சுமந்த கூலி, வெயிலில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பொம்பளையோட பகல் பொழுது, இதெல்லாமும் சேவைதானே சார். அந்தக் கொய்யா மேல அதெல்லாம் ஏறி உட்காரக் கூடாதா?

சரி, அதுவாவது ஒரு பழம். பெரிய கொசுறு எதுன்னு நகரத்தில் இருக்கிறவங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. வத்திராயிருப்புப் பக்கம் தென்னைதான் பாதி வாழ்க்கை. தேங்காய் எண்ணும்போது நூறு காய்க்கு இத்தனை காய்னு வியாபாரி தனியே ஒதுக்குவார். ‘லாபக்காய்’னு அதுக்குப் பேர். எண்ணிக்கையில் வராது, காசும் வராது, ஆனா லாரியில் ஏறிடும். யாருக்கு லாபம்னு பேரிலேயே இருக்கு. வாழைத்தாரை எடைக்குப் போட்டா தண்டுக்குக் கழிவு. கமிஷன் கடைக்கு அனுப்பினா கமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை, எல்லாம் நம்ம கணக்கில். வர்ற சீட்டில் கடைசி வரியில் இருக்கிற தொகையைப் பார்த்துட்டு, பஸ் சார்ஜையும் கழிச்சுக்கிட்டா, சில நடை போகாமலே இருந்திருக்கலாம்னு தோணும்.

உலகத்தில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் எக்ஸ்ட்ராவைக் கொடுக்கிறது வாங்குகிறவர். எங்க தொழிலில் மட்டும் விற்கிறவன் கொடுக்கணும்.

ராகுல் போஸுக்கு ஒரு பில் கிடைச்சது. அதில் என்ன போட்டிருக்கு, எவ்வளவு வரின்னு எழுதியிருந்தது. அதைக் காட்டினதும் ஒரு அரசாங்கத் துறை ஓடிவந்து அபராதம் போட்டது. லாபக்காய்க்குப் பில் கிடையாது. எதைக் காட்டி யார்கிட்ட கேட்க? போன தடவை வெட்டு முடிஞ்சு வியாபாரிகிட்ட, “அண்ணாச்சி, லாபக்காயையும் சீட்டில் ஒரு வரியா எழுதிக் கொடுங்க, எடுத்தது எடுத்ததா இருக்கட்டும், எழுத்தில் இருந்தாப் போதும்”னேன். அவர் சிரிச்சார். “எழுதினா அது விலையாயிருமே தம்பி”ன்னார்.

இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது. எழுதினா விலையாகிவிடும், விலையானா பேரம் வரும், பேரம் வந்தா குறையும். அதனாலதான் எழுதுகிறதில்லை. ஓட்டலில் 375 ரூபாய்னு எழுதத் துணிச்சல் இருந்தது. இங்கே நூற்றுக்கு இத்தனை காய்னு எழுதத் துணிச்சல் இல்லை.

அடுத்த வெட்டு இன்னும் நாற்பது நாளில். பக்கத்துத் தோப்புக்காரங்க நாலு பேர்கிட்டப் பேசியிருக்கேன். சீட்டில் எழுதாத காயை லாரியில் ஏத்த விடுகிறதில்லைன்னு ரெண்டு பேர் சரின்னுட்டாங்க. ஒருத்தர் யோசிச்சுச் சொல்றேன்னார். இன்னொருத்தர் அதே வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருக்கார், அவரை நான் வற்புறுத்தலை.