கதைத்தண்ணி கனெக்‌ஷன் கட்!

இந்த வாரம் நம்ம பக்கத்துல மாட்டியிருக்கறது ஒரு சின்னப் பசங்க புத்தகம். சிரிக்காதீங்க பாஸ், எழுதினது சல்மான் ருஷ்டி! 1990-ல வந்த 'ஹாரூன் அண்ட் தி ஸீ ஆஃப் ஸ்டோரீஸ்'. முந்தின வருஷம்தான் வேறொரு நாவலுக்காக அவரைக் கொல்லச் சொல்லி ஈரான்லேர்ந்து ஃபத்வா வந்திருந்தது. தலைமறைவா இருந்தபடியே, மகன் ஸஃபருக்காக எழுதின கதை.

ரஷீத் ஊரறிஞ்ச கதைசொல்லி. தேர்தல் வந்தா கூட்டம் சேர்க்க அரசியல்வாதிங்க அவரைத்தான் மேடை ஏத்துவாங்க. (மதுரைக்காரங்களுக்கு இதை விளக்கணுமா என்ன?) ஒரு நாள் சரியா பதினொரு மணிக்கு அவர் மனைவி, மாடி வீட்டுக்காரரோட போயிடறாங்க. வீட்டுல இருக்கற கடிகாரத்தையெல்லாம் உடைச்சுப் போடறார் ரஷீத். அதுலேர்ந்து பையன் ஹாரூனுக்குப் பதினொரு நிமிஷத்துக்கு மேல எதுலயும் மனசு நிக்காது. நிஜமே இல்லாத கதையால என்ன பிரயோஜனம்னு கோபத்துல அப்பாகிட்ட கேட்டுடறான். அடுத்த மேடையில அவருக்குப் பேச்சே வரலை. காக்கா மாதிரி சத்தம்தான்!

கதைத்தண்ணி குழாயைக் கழட்ட வர்ற பூதத்தோட டூலை ஹாரூன் லவட்டிட்டு, எந்திரப் பறவை மேல ஏறி 'கஹானி'ங்கற நிலாவுக்குப் போறான். அங்கே ஓயாம பேசற 'கப்' நாடு, வாயே திறக்காத 'சுப்' நாடு. நாம 'கப்சிப்'னு ஒரே வார்த்தையில முடிக்கறதை வெச்சு ஒரு போரே நடக்குது.

இதை நான் தனியா படிக்கலை. வில்லாபுரத்துல எங்க கீழ் வீட்டுப் பையன், ஆறாம் வகுப்பு, அவனுக்கு ராத்திரி மொட்டை மாடியில தமிழ்ல சொல்லிட்டு வந்தேன். வில்லன் பேரு 'கத்தம் ஷுத்'. நான் 'மிஸ்டர் முற்றும்' ஆக்கிட்டேன். பயல் அதுக்கே பத்து நிமிஷம் சிரிச்சான்.

குறைன்னு பார்த்தா, மெக்கானிக்கல் படிக்கற எனக்கு முதல் கடுப்பு, எதைக் கேட்டாலும் 'விளக்க முடியாத அளவுக்குச் சிக்கலான செயல்முறை'ன்னு பூதம் நழுவறது. வைவாவுல நாம சொன்னா விடுவாங்களா? நிலா சுத்தறதையே மெஷின் வெச்சுக் கட்டுப்படுத்தி, ஒரு பாதிக்கு எப்பவும் பகல், மறு பாதிக்கு எப்பவும் ராத்திரி. பேசறவன் வெளிச்சம், பேசாதவன் இருட்டுன்னு பிரிச்சதும் ரொம்ப ஈஸி. முத்திரையாலேயே பேசற ஒரு நிழல் வீரன் மட்டும் வரலைன்னா இந்த இடத்துலயே மூடி வெச்சிருப்பேன். இளவரசியோட மூக்கையும் பாட்டையும் ஓயாம கிண்டலடிக்கறது... போதும் சார்!

ஆனா அந்தப் போர் சீன், அட்டகாசம்! கப் நாட்டுப் படை சண்டைக்குப் போற வழியெல்லாம் தளபதியோட திட்டத்தையே விவாதம் பண்ணுது. உருப்படாதுன்னு நினைச்சேன். கடைசியில பேசித் தீர்த்துக்கிட்டதாலதான் அவங்க ஒத்துமையா நிக்கறாங்க. பேசவே கூடாதுன்னு வளர்ந்த படை ஒருத்தனை ஒருத்தன் நம்பாம சிதறுது. உயிருக்குப் பயந்து ஒளிஞ்சிருந்த ஒரு மனுஷன் இதை இவ்வளவு சிரிப்பா எழுதியிருக்கார். 2022-ல நியூயார்க் மாநிலத்துல மேடையிலேயே அவரைக் கத்தியால குத்தினாங்க, ஒரு கண்ணுல பார்வை போச்சு. அதுக்கப்புறமும் எழுதறார்.

முடிவைச் சொல்லத்தான் எனக்கு உதறல். ஹாரூனோட அம்மா திரும்பி வந்துடறாங்க. கீழ் வீட்டுப் பையனோட அம்மா போய் ரெண்டு வருஷமாச்சு. மாத்திச் சொல்லிடலாமான்னு யோசிச்சேன். மாத்தலை.

"அப்படியெல்லாம் வர மாட்டாங்கக்கா"ன்னான்.

பொய் சொல்ல எனக்கு வரலை. புத்தகத்துலயே சந்தோஷ முடிவைச் செயற்கையாத்தான் தயாரிக்கறாங்க, ஹாரூனே அது நிஜமில்லைன்னு சொல்லிக் கடுப்பாகறான்னு சொன்னேன். இந்தக் கதையோட பெரிய பலமும் அதுதான், பெரிய பலவீனமும் அதுதான். அவ்வளவு நேர்மையா ஒத்துக்கிட்ட ருஷ்டி, அடுத்த சில பக்கத்துலேயே அம்மாவைக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்க வேண்டாம்.

பையன் கொஞ்ச நேரம் தண்ணி டேங்கையே பார்த்துட்டிருந்தான்.

"கடிகாரம் ஓடுச்சாக்கா?"

"ஓடுச்சுடா."

"அப்ப நாளைக்கு அந்த அரட்டைப் பட்டாளம் சண்டையை மறுபடி சொல்லுங்க."