ஆட்டுக்குட்டிக்கும் இஞ்ச் டேப் வேண்டும்

கால் கிலோ கத்தரிக்காய்க்குக்கூடத் தராசு இருக்கிறது. ஆனால் பல ஆயிரம் ரூபாய் பெறும் செம்மறிக் குட்டி, செஞ்சி, எட்டயபுரம் போன்ற வாரச்சந்தைகளில் இன்றும் பெரும்பாலும் கண்மதிப்பில்தான் கைமாறுகிறது. வியாபாரி குட்டியின் முதுகை விரலால் அழுத்திப் பார்ப்பார், ஒருமுறை தூக்கிப் பார்ப்பார், "எட்டு கிலோ கறி விழும்" என்பார். எடை போட்டாயிற்று!

அவர் மதிப்பு அநேகமாகச் சரியாகவே இருக்கும். தினமும் ஆடு பிடிக்கிற கை அது. ஆனால் அந்தக் கணக்கு அவருக்கு மட்டும்தான் தெரியும். வருஷத்துக்கு நாலைந்து குட்டி விற்கிறவருக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்?

இதற்கு மலிவான வழி, தையல்காரர் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு. தோள்பட்டை முனையிலிருந்து வாலருகே துருத்தும் எலும்பு வரை இன்னொரு அளவு. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் எடை பவுண்டில் கிடைக்கும் (மாட்டுக்குப் போடும் பழைய சூத்திரம்தான்). சுற்றளவு 24, நீளம் 22 இஞ்ச் என்றால் 42 பவுண்டு, அதாவது சுமார் 19 கிலோ. உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி நிற்கும் என்று கொண்டால் 9 கிலோ. எட்டா, ஒன்பதா என்று பேச இப்போது விற்பவரிடமும் ஓர் எண் இருக்கிறது. ஒரு கிலோ கறி என்ன விலை என்று நினைத்துப் பாருங்கள்!

டேப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. சுற்றளவு இரண்டு முறை பெருக்கப்படுவதால் பிழையும் பெருகும். தளர்வாகப் பிடித்து 25 என்று எழுதினால் ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடிவிடும். மேச்சேரி ஆட்டுக்கு ரோமம் குட்டை, கவலையில்லை. நீலகிரி ஆட்டின் கம்பளியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும்: வயிறு முட்டத் தண்ணீர் காட்டிச் சந்தைக்கு ஓட்டி வரும் தந்திரம் தராசை ஏமாற்றும், மார்புச் சுற்றளவை அவ்வளவாக ஏமாற்றாது.

விற்பனைக்கு மட்டுமல்ல. குடற்புழு நீக்க மருந்தின் அளவும் எடையைப் பொறுத்ததே. உத்தேசமாகக் குறைத்து ஊற்றினால், சாகாமல் தப்பும் புழுக்களின் வம்சம் மருந்துக்கு அடங்காது. அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது.

300 என்கிற எண் எல்லா இனத்துக்கும், எல்லா வயதுக்கும் பொருந்தாது. இனவாரியாக, வயதுவாரியாக அளந்து கண்ட சமன்பாடுகள் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. கிடை போடுகிறவர் கால்குலேட்டரோடு அலைய முடியாது. கால்நடைப் பல்கலைக்கழகம் அவற்றைத் தமிழில், டேப்பிலேயே கிலோவாக அச்சடித்துத் தரலாம். மேச்சேரிக்கு ஒன்று, ராமநாதபுரம் வெள்ளைக்கு ஒன்று, நீலகிரிக்கு ஒன்று.