ஒரே ஹெட்செட் எல்லாவற்றுக்கும் போதுமா?

டெல்லி நேரு பிளேஸ் கடைகளில் ஹெட்செட் விசாரிக்கும் கல்லூரி மாணவருக்கும், கரோல் பாகில் குடியிருந்து குருகிராமுக்கு வேலைக்குப் போகும் இளைஞருக்கும் இன்று ஒரே ஆலோசனைதான் கிடைக்கிறது: "நல்ல வயர்லெஸ் கேமிங் ஹெட்செட் ஒன்று வாங்கிவிடு. விளையாட்டு, ஆபீஸ் மீட்டிங், பாட்டு, மெட்ரோ எல்லாவற்றுக்கும் அதுவே போதும்." கடைக்காரர் சொல்கிறார், உடன் வேலை பார்ப்பவர் சொல்கிறார், யூடியூப் விமர்சகரும் சொல்கிறார். ஐந்தாயிரத்தில் தொடங்கி முப்பதாயிரம் ரூபாய் வரை போகிற விஷயம் இது. பலர் முதல் சம்பளத்தில் வாங்குகிறார்கள். அதனால் இந்த ஆலோசனையை ஒவ்வொரு வாதமாகப் பிரித்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமிங் ஹெட்செட் ஒரு மேசைக்கும் நாற்காலிக்கும் கணினிக்கும் உரிய கருவி. அங்கே நன்றாக உழைக்கும். அன்றாட வாழ்க்கையின் பெரும்பகுதி வெளியே கழியும் ஒருவருக்கு அதை எல்லாப் பிணிக்கும் ஒரே மருந்தாக விற்பது தவறு.

வாதம் 1: "டாங்கிள் இருப்பதால் தாமதமே கிடையாது, ப்ளூடூத்தைவிட எப்போதும் மேல்."

விளையாட்டைப் பொறுத்தவரை இது சரி. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வர 150 முதல் 250 மில்லி விநாடி வரை ஆகலாம். யூஎஸ்பி வாயில் செருகும் சிறு வயர்லெஸ் கருவியான 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளில் அது சுமார் 20 முதல் 40 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். வாலரண்ட் போன்ற துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவருக்கு எதிரியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம், எப்போது கேட்கிறது என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. அங்கே அந்த வித்தியாசம் பெரியது.

மற்ற நேரங்களில்? பாட்டு கால் விநாடி தாமதமாகத் தொடங்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. படம் பார்க்கும்போது பெரும்பாலான செயலிகள் ப்ளூடூத் தாமதத்தைக் கணக்கிட்டுக் காட்சியையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திக்கொள்கின்றன. மீட்டிங்கில் இணைய வலையமைப்பின் தாமதமும் சேர்ந்துகொள்வதால் டாங்கிள் மிச்சப்படுத்துவது கண்ணுக்குத் தெரியாது. போனில் டாங்கிளைச் செருகினால் சார்ஜ் போடும் வாய் அடைபட்டுப்போகிறது. ஐபோனுக்கு யூஎஸ்பி-சி வாய் வந்ததே 2023-இல்தான். அதற்கு முந்தைய ஐபோன்களில் இந்த டாங்கிள் நேரடியாகப் பொருந்தாது. ஆகவே வாங்கும் ஹெட்செட்டில் டாங்கிளோடு ப்ளூடூத்தும் இருக்கிறதா என்பதுதான் அன்றாடப் பயன்பாட்டின் முதல் கேள்வி. டாங்கிள் மட்டும் கொண்ட மாடல்களும் விற்பனையில் உண்டு.

வாதம் 2: "இணைப்பு அறுபடவே அறுபடாது."

டாங்கிளும் ப்ளூடூத்தும் பயன்படுத்துவது ஒரே அலைவரிசையைத்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் தொடங்கும் 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அந்தப் பட்டைக்கு இந்தியாவில் 2005-இலிருந்து உரிமம் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதால் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். வைஃபையும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான். வைஃபைக்கு அந்தப் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். லக்ஷ்மி நகரிலோ முகர்ஜி நகரிலோ சுவரோடு சுவர் ஒட்டிய பி.ஜி. விடுதிகளில், மாடிக்கு மாடி ரவுட்டர் ஓடும் இடத்தில், அந்த மூன்றும் நிரம்பி வழிகின்றன.

பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம் கணினிக்குள்ளேயே இருக்கிறது. யூஎஸ்பி 3.0 வாய்களும் கேபிள்களும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கமான அறிக்கை வெளியிட்டது. வெளிப்புற ஹார்ட் டிஸ்க் செருகிய வாய்க்குப் பக்கத்தில் டாங்கிளைச் செருகிவிட்டு, ஒலி விட்டுவிட்டு வருகிறதே என்று ஹெட்செட்டைக் குறை சொல்கிறோம். சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றைப் போட்டு டாங்கிளை மேசைமேல், தலைக்கு நேராகத் தெரியும்படி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ரவுட்டரில் கணினியையும் போனையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் மீதியும் பெருமளவு குறையும். இதைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை.

வாதம் 3: "மைக் வாய்க்கு நேரே நிற்கிறது, மீட்டிங்குக்கு இதைவிட என்ன வேண்டும்?"

மைக் வாய்க்கு அருகில் இருப்பது உண்மையான பலம். காதோடு நின்றுவிடும் இயர்பட்ஸ் மைக்கைவிடக் குரலை நெருக்கமாகப் பிடிக்கும். ஆனால் அந்தக் குரல் எந்த வழியாகப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ப்ளூடூத்தில் மைக்கை இயக்கியதும் இணைப்பு அழைப்பு முறைக்கு மாறுகிறது. அப்போது குரல் பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாக மட்டுமே எடுக்கப்படும். இசைக் குறுந்தட்டில் அந்த எண் 44,100. எதிர்முனையில் நம் குரல் அடைத்த மாதிரி ஒலிப்பதற்கும், மைக்கைத் தொட்டதும் நாம் கேட்டுக்கொண்டிருந்த ஒலி மங்கிப்போவதற்கும் காரணம் இதுதான். ப்ளூடூத்தின் புதிய எல்.இ. ஆடியோ முறை இதைச் சரிசெய்யும். ஆனால் ஹெட்செட், போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

டெல்லிக்கென்று இன்னொரு சோதனையும் உண்டு. ஏப்ரலில் ஜன்னலோரம் ஏறும் கூலர் மழைக்காலம் வரை இறங்காது. மேலே மின்விசிறி வேறு. மைக்கைச் சோதிப்பவர்கள் அமைதியான அறையில் சோதிக்கிறார்கள். நாம் கூலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். வாங்கியதும் கூலரை முழு வேகத்தில் ஓடவிட்டு, வழக்கமான குரலில் கொஞ்சம் பேசிப் பதிவுசெய்து, அதை வேறொரு ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். நம் குரல் நமக்கே மெல்லக் கேட்கும் சைட்டோன் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் காதை மூடிக்கொண்டு நம்மை அறியாமல் கத்துவோம். அடுத்த அறையில் படிக்கும் பிள்ளைக்குத்தான் தொல்லை.

வாதம் 4: "காதை முழுக்க மூடுகிறது, மெட்ரோ இரைச்சல் கேட்காது."

இந்த வாதம்தான் ஆபத்தானது. காதை மூடும் மெத்தை கீச்சொலிகளையும் பேச்சையும் ஓரளவு தடுக்கும். சுரங்கத்தில் ரயில் எழுப்பும் அடிநாத உறுமலைத் தடுப்பது அதற்குக் கடினம். அதைக் குறைக்கவே இரைச்சல் நீக்கும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது. பெரும்பாலான கேமிங் ஹெட்செட்டுகளில் அது கிடையாது. ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா ப்ரோ வயர்லெஸ், சோனி இன்சோன் எச்9 போன்ற விலை கூடிய சிலவற்றில் மட்டுமே உண்டு.

அது இல்லாமல் ராஜீவ் சௌக்கிலிருந்து காஷ்மீரி கேட் வரை சுரங்கத்தில் போகிறவர் என்ன செய்வார்? ஒலியைக் கூட்டுவார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல்லில் வெறும் 4 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் அனுமதித்த நேரம் பாதியாகிறது. போகவர இரண்டு மணி நேரம் பயணம் செய்கிறவர் 90 டெசிபெல்லில் கேட்டால் செவ்வாய்க்கிழமை மாலையே அந்த வாரத்துக்கான அளவு தீர்ந்துவிடும். இரவு வீட்டுக்கு வந்து அதே ஹெட்செட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்பது அதற்கு மேல். வீடியோ விளையாட்டுக்கென்றே பாதுகாப்பான ஒலி குறித்த தரநிலை ஒன்றை 2025-இல் உலக அளவில் வெளியிட வேண்டியிருந்தது என்றால் பிரச்சினையின் அளவு புரியும். உள்காதில் சிதைந்த முடிச்செல்கள் திரும்ப முளைப்பதில்லை. லாஜிடெக் ஜி435 மாதிரி 85 டெசிபெல்லுக்கு மேல் போகாமல் தடுக்கும் வசதி உள்ள மாடலைப் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வாதம் 5: "பேட்டரி நாள்கணக்கில் நிற்கும், வேறு கவலை இல்லை."

பேட்டரி நேரத்தில் கேமிங் ஹெட்செட்டுகள் முன்னேறியிருப்பது உண்மை. ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஆல்ஃபா வயர்லெஸ் 300 மணி நேரம் என்று அறிவித்துக்கொண்டு வந்தது. அன்றாடத் தொல்லை வேறு இடங்களில் வருகிறது. எடை அதில் முதலாவது: ஜி435 165 கிராம்தான், பல மாடல்கள் 300 கிராமைத் தாண்டும். கண்ணாடி போட்டவர் எட்டு மணி நேர வேலை நாளில் அந்த வித்தியாசத்தைப் பொட்டில் உணர்வார். அடுத்து வெப்பம். 2024 மே 29 அன்று டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மொட்டைமாடி பர்சாத்தி அறையில் நண்பகலில் சார்ஜில் போட்டுவிட்டுப் போனால் பேட்டரியின் ஆயுள் குறையும். செயற்கைத் தோல் மெத்தை வியர்வையில் உரியும். அதனால் துணி மெத்தையா, மாற்று மெத்தை தனியாகக் கிடைக்குமா, பேட்டரியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பேட்டரியை மாற்ற முடியாத பொருள் சில ஆண்டுகளில் மின்கழிவுதான். டெல்லியின் சீலம்பூரில் அந்தக் கழிவை வெறுங்கையால் பிரிப்பவர்களின் உடல்நலமும் இந்தக் கணக்கில் சேரும்.

வாதம் 6: "பெட்டியிலேயே எல்லாம் போட்டிருக்கிறது."

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பவை: 50 மி.மீ. டிரைவர், 20–20,000 ஹெர்ட்ஸ், 7.1 சரவுண்ட். ஒலி எழுப்பும் பாகமான டிரைவரின் அகலம் ஒலியின் தரத்தைச் சொல்லாது. அந்த ஹெர்ட்ஸ் எண் ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. 7.1 என்பது பெரும்பாலும் இரண்டே டிரைவர்களை வைத்து மென்பொருள் உருவாக்கும் தோற்றம். பாட்டு கேட்கும்போது அதை அணைத்துவிடுவது நல்லது.

நமக்கு வேண்டியது சிறிய எழுத்தில் இருக்கிறது. வயர்லெஸ் ஹெட்போன்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) கட்டாயப் பதிவுக்குள் வருகின்றன. 'ஆர்' என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண் பெட்டியில் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். இறக்குமதியாளரின் முகவரியையும் பில்லையும் பாருங்கள். பழுது வந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிடவும், 1915 என்ற உதவி எண்ணில் பேசவும் பில் கையில் வேண்டும்.

ஆக, மேசையில் உட்கார்ந்து ஆடும் நேரமும் அதே மேசையில் பேசும் மீட்டிங்கும் ஒருவரின் நாளில் பெரும்பங்கு என்றால், ப்ளூடூத்தும் கொண்ட எடை குறைந்த கேமிங் ஹெட்செட் தாராளமாக வாங்கலாம். நாளின் பெரும்பங்கு மெட்ரோவிலும் அலுவலகத்திலும் கழிகிறது என்றால், இரைச்சல் நீக்கும் சாதாரண ஹெட்போனுக்குப் பெரும்பணத்தை ஒதுக்கி, விளையாட்டுக்கு மலிவான வயர் ஹெட்செட் ஒன்றை வைத்துக்கொள்வதே சிக்கனம். வயருக்குத் தாமதமும் இல்லை, பேட்டரியும் இல்லை. எது வாங்கினாலும் விலையைக் கேட்பதற்கு முன் தலையில் மாட்டிப் பார்க்கவும் மைக்கில் பேசிப் பார்க்கவும் கேளுங்கள். அதற்கு இடம் தராத கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.