வகுப்பறை என்றால் இருட்டாகாதா?

"வகுப்பறைக்கு அவசர விளக்கு எதற்கு? அமெரிக்காவிலேயே கேட்பதில்லையே" என்று பொறியியலாளர் ஒருவர் அண்மையில் என்னிடம் வாதிட்டார். அவர் கூறியது பொய்யன்று. என்எஃப்பிஏ 101 என்னும் அமெரிக்க உயிர்ப் பாதுகாப்பு விதிக்கோவை, பாடசாலையின் உட்படிக்கட்டுகளுக்கும் நடைவழிகளுக்கும் அவசர வெளிச்சத்தைக் கட்டாயமாக்குகிறது. பொது வகுப்பறைகளுக்கு விலக்களிக்கிறது. மின்சாரம் நின்று 10 செக்கனுக்குள் விளக்கு எரிய வேண்டும், 90 நிமிடம் எரிய வேண்டும், மாதந்தோறும் 30 செக்கனாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பனவும் அதே விதிகளில் உள்ளன. விலக்கை மட்டும் மனனம் செய்தவர்கள் ஏனையவற்றை ஏனோ வாசிப்பதில்லை.

அந்த விலக்கு எத்தகைய அறைக்குப் பொருந்தும்? பகலில் இயங்குவது, சன்னல் உள்ளது, ஓர் ஆசிரியரின் கண்பார்வைக்குள் இருபது முப்பது பிள்ளைகள் இருப்பது. நமது ரியூட்டரி மண்டபம் அத்தகையதா? மாலை ஆறு மணிக்கு, மேல்மாடியில், நெருக்கிப் போட்ட வாங்குகளில் உயர்தர மாணவர் இருநூறு பேர். இறங்குவதற்கு ஒரே ஒரு படிக்கட்டு. 50 பேருக்கு மேல் கொள்ளும் கல்லூரி விரிவுரை மண்டபத்தை அதே விதிக்கோவை மக்கள் திரளும் இடமாகவே கருதுகிறது. அவ்விடத்திற்கு விலக்குக் கிடையாது. அமெரிக்காவைத் துணைக்கு அழைப்பவர்கள் முழு அமெரிக்காவையும் அழைக்கட்டும்.

மின்சாரம் நிற்பது நமக்குப் புதினமுமல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்தோம். 2023 தொடக்கத்தில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கவே மின்வெட்டும் நடந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு உயர் நீதிமன்றம் வரை சென்றும் அது நிற்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருளில் தள்ளியதாக அமைச்சரே கூறினார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அதாவது ரியூசன் நாள். முற்பகலாக இருந்தமையால் தப்பினோம்.

கைத்தொலைபேசி வெளிச்சம் போதுமென்பார்கள். அது பிடித்திருப்பவனின் காலடியைக் காட்டும். எதிரே வருபவனின் கண்ணைக் கூசச் செய்யும். மின்பிறப்பாக்கி உண்டென்பார்கள். அதை இயக்கும் பையன் கீழே இறங்கிச் செல்ல வேண்டியதும் அதே இருட்டுப் படிக்கட்டில்தான்.

படிக்கட்டின் தலைமாட்டிலும் வாசலிலும் மின்கலத்துடன் கூடிய இரண்டு விளக்குகள். கேட்பது இவ்வளவே. பழைய மாணவர் சங்கங்கள் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நுழைவாயில் வளைவுக்குப் பணம் அனுப்புகின்றன. அடுத்த முறை அனுப்புமுன், மண்டபப் படிக்கட்டில் விளக்கு இருக்கிறதா, அதன் மின்கலம் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள்.