தண்டனை முடிந்தவருக்கு வேலை எப்போது?

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,



ஒரு குற்ற வழக்கில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறு ஆண்டுகள் கழிந்ததும் சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாம். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8-ஆவது பிரிவில் வைத்திருக்கும் கெடு அது. ஜெயித்தால் உறுப்பினர், யோகமிருந்தால் அமைச்சர். ஆனால் அதே மனிதர் சட்டமன்ற உறுப்பினர் விடுதியின் வாசலில் ஒரு தனியார் ஏஜென்சியின் செக்யூரிட்டியாக உட்கார முடியாது. தண்டிக்கப்பட்ட எவரையும் காவலாளியாக வைக்கக் கூடாது என்கிறது தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005. ஆறு ஆண்டு, பத்து ஆண்டு என்ற கெடு எதுவும் அதில் கிடையாது. இருபது வயதில் ஓர் அடிதடி வழக்கில் ஒரு மாதம் உள்ளே இருந்தவர் ஐம்பத்தைந்து வயதிலும் ராத்திரிக் காவலுக்கு லாயக்கில்லாதவர்.

இந்த இரண்டும் நாடாளுமன்றம் இயற்றியவை. அவற்றைத் திருத்த உங்களால் முடியாது என்பது தெரியும். உங்கள் கையெழுத்துக்குள் அடங்கும் காரியங்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில், தண்டனையே பெறாதவர்களைப் பற்றி. தமிழ்நாட்டின் காவலர் பணி விதிகள், காவல் சரிபார்ப்புக்கு முன் விண்ணப்பதாரர் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்கின்றன. அதோடு நின்றிருந்தால்கூட வாதாடலாம். விதியின் அடியில் ஒரு விளக்கம் ஒட்டியிருக்கிறது: சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆகவே இது சட்டப்படி சரி. நியாயப்படி சரியா என்பதுதான் என் கேள்வி.

நம் கீழமை நீதிமன்றங்களில் விடுதலைத் தீர்ப்பு எப்படி எழுதப்படுகிறது என்று எந்த வழக்கறிஞரைக் கேட்டாலும் சொல்வார். அரசுத் தரப்பு குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை, ஆகவே சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்கிறேன் என்ற வாசகம் பாதித் தீர்ப்புகளில் பழக்கத்தால் வந்து விழுவது. விதி எதிர்பார்க்கும் ‘கௌரவமான விடுதலை’ என்பதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் விளக்கமே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போலீஸ்காரரின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொன்னது. புலனாய்வில் ஓட்டை விட்டவர் இன்ஸ்பெக்டர், சாட்சியை நிறுத்த முடியாதவர் அரசு வக்கீல், வழக்கமான வாசகத்தை எழுதியவர் நீதிபதி. வேலை மட்டும் போவது ஊர்த் திருவிழாத் தகராறில் பதினைந்தாவது எதிரியாகப் பெயர் சேர்க்கப்பட்ட பையனுக்கு. சுற்றியிருந்தவர்களின் பெயரையெல்லாம் முதல் தகவல் அறிக்கையில் ஏற்றிவிடும் வழக்கம் எந்த ஸ்டேஷனுக்கும் புதிதில்லை.

போலீஸ் வேலைக்குத் தனிக் கண்டிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. லத்தியும் துப்பாக்கியும் கொடுக்கிறோம். ஆனால் நீதிமன்றம் விடுவித்தவரை விதிப் புத்தகம் திரும்பப் பிடித்துக்கொள்வது கண்டிப்பு ஆகாது. வழக்கை மறைக்காமல் சொன்னவரைத் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்கலாம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்குகளைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் வழி காட்டியிருக்கிறார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, டெல்லிப் போலீஸ் வேலை கேட்ட ஓர் இளைஞரின் வழக்கில் விக்டர் ஹ்யூகோவின் ஜான் வால்ஜானையே சாட்சிக்கு அழைத்தார். நமக்கு அந்த மனிதர் அந்நியரில்லை. சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பிலிருந்து 1950-இல் எடுக்கப்பட்ட ‘ஏழை படும் பாடு’ படத்தில் நாகையா அவராக நடித்தார். சிறையிலிருந்து வந்த அடையாளச் சீட்டைக் காட்டியதும் ஊரே கதவைச் சாத்துகிற கதை. நம் தாத்தாக்கள் கண்ணீர் விட்டுப் பார்த்த படம். பேரன்களின் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு அந்தக் கண்ணீர் உதவவில்லை.

வழக்கு ஒருவரின் வேலையை என்ன செய்யும் என்பது அரசுக்குத் தெரியாததல்ல. தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 மே மாதம், நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை ஏற்று ஸ்டெர்லைட் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அன்றைய அரசு அறிவித்தது. படிப்புக்கும் வேலைக்கும் தடையில்லாச் சான்று தரப்படும் என்பதும் அந்த அறிவிப்பில் இருந்தது. கூடங்குளம் போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே கவலையில்தான் சேரும். ஊரே சேர்ந்து போராடி, நாடே பார்த்துக்கொண்டிருந்தால் என்.ஓ.சி. கிடைக்கிறது. தனியாக மாட்டிக்கொண்டவருக்கு யார் தருவது?

இனி, உண்மையிலேயே குற்றம் செய்து, தண்டனை அனுபவித்து, வெளியே வந்தவர்கள். இவர்களைப் பற்றிப் பேசினால் கைதட்டல் வராது, ஓட்டும் வராது. சிறையில் இருக்கும்வரை இவர்களுக்கு ஓட்டே கிடையாது. ஆனால் விடுதலையானதும் வாக்குச்சாவடி இவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. வேலை தருகிற இடம் எதுவும் சேர்த்துக்கொள்வதில்லை.

உங்கள் சிறைத்துறை செய்கிற ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியாக வேண்டும். புழல், வேலூர், கோவை, பாளையங்கோட்டை என்று சிறை வளாகங்களை ஒட்டி இந்தியன் ஆயிலோடு சேர்ந்து ‘ஃப்ரீடம்’ பெட்ரோல் பங்குகள் நடக்கின்றன. 2023 ஆகஸ்டில் புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க் ஒன்றும் திறக்கப்பட்டது. வேலூர் மத்திய சிறையில் போலீஸாருக்கு ஷூ தைக்கிறார்கள். கோவையில் தறி ஓடுகிறது. மதுரையில் அரசு மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி தயாராகிறது. தண்டனைக் காலத்திலேயே ஒருவரை நம்பி, ரோட்டோரத்தில் நிறுத்தி, பணத்தைக் கையாள விடுகிறது அரசு. அவர்களும் நம்பிக்கையைக் காப்பாற்றுகிறார்கள் என்பதால்தான் பங்குகளின் எண்ணிக்கை கூடியது. இதே நபர் தண்டனை முடிந்து தன் மாவட்டத்துக்குப் போய் ஒரு தனியார் பங்கில் வேலை கேட்டால், முன் அனுபவம் எங்கே என்ற கேள்விக்கு என்ன சொல்வார்? சொன்னால் வேலை இல்லை. சொல்லாமல் சேர்ந்து, பிறகு தெரிந்தால், மறைத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

விடுதலையானவருக்கு அரசு காலம்காலமாக வைத்திருக்கும் பதில் சுயதொழில். விடுதலை பெற்ற சிறைவாசிகள் நல உதவிச் சங்கம் இருக்கிறது, நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். கறவை மாடு, தையல் மெஷின், தள்ளுவண்டி என்று ஏதோ ஒன்றுக்கு உதவி கிடைக்கிறது. குறை சொல்லவில்லை; அதனால் நிமிர்ந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். வியாபாரம் என்பது ஊரின் நம்பிக்கையில் நடப்பது. கடனுக்குச் சரக்கு போட மொத்த வியாபாரி வேண்டும், பாக்கி வைத்துப் போகும் வாடிக்கையாளர் வேண்டும். பத்து ஆண்டு ஊரிலேயே இல்லாதவரிடம், கொலை வழக்கில் போனவர் என்று எல்லோருக்கும் தெரிந்தவரிடம், இருப்பதிலேயே மிகக் கடினமான தொழிலைக் கொடுத்துப் பிழைத்துக்கொள் என்கிறோம். அவருக்கு வேண்டியது மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., தன்னைத் தெரியாத ஊரில் ஒரு ஷிஃப்ட். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் சொல்லிக்கொண்டிருக்கும் மாநிலம் இது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் துறை முகாம்களைத் தொடர்ந்து நடத்துகின்றன. அந்த அலுவலகத்திலிருந்து ஓர் ஊழியர், விடுதலைக்கு ஆறு மாதம் முன்பே மத்திய சிறைக்குள் போய் உட்கார்ந்து பதிவு செய்யக் கூடாதா? உள்ளே கற்ற தொழிலுக்குத் தரும் சான்றிதழில் சிறையின் பெயர் இல்லாமல் பயிற்சித் துறையின் பெயர் மட்டும் இருக்கக் கூடாதா? புதிய சட்டம், பெரிய நிதி எதையும் இவை கேட்பதில்லை. இரண்டு துறைகள் ஒன்றோடொன்று பேச வேண்டும், அவ்வளவே. (அதுதான் கோட்டையில் ஆகக் கடினமான காரியம் என்று அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள்.)

இதையெல்லாம் செய்தாலும் மூலக் கேள்வி மிஞ்சும். குற்றப் பதிவுக்குக் கெடு எது? பிரிட்டன் 1974-இலேயே இதற்குச் சட்டம் போட்டது. தண்டனையின் அளவுக்கு ஏற்ப ஒரு காலம். அதற்குள் மறுபடி குற்றம் செய்யாதவரின் பழைய தண்டனை காலாவதியாகிவிடும். சாதாரண வேலைகளில் அதைச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரைக் கருணைக்குப் பேர்போன நாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தூக்கும் பிரம்படியும் இன்னும் இருக்கிற இடம். அங்கேயே 2005 முதல், மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், ஐந்து ஆண்டு ஒழுங்காக இருந்தால், தனக்குக் குற்றப் பதிவு இல்லை என்று சட்டப்படியே சொல்லிக்கொள்ளலாம். சில பெருங்குற்றங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

நம்மிடமும் விதை இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015, பதினெட்டு வயதுக்குள் தவறு செய்தவருக்கு அதனால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. அவர்களின் ஆவணங்களை அழிக்கவும் சொல்கிறது; கொடுங்குற்றம் செய்த பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் இவ்விரண்டும் பொருந்தாமல் போகலாம். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவர் தண்டனையின் காரணமாகத் தகுதியிழப்பு அடைய மாட்டார் என்கிறது. சட்டம் இப்படி இருக்க, ‘எப்போதாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா’ என்ற கட்டம் விண்ணப்பத்தில் வெறுமனே நின்றால், பதினாறு வயதில் சைக்கிள் திருடியவன் அங்கே பேனாவை வைத்துக்கொண்டு திகைக்கிறான். இவற்றைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று அந்தக் கட்டத்தின் கீழ் ஒரு வரி அச்சடித்தால் போதும்.

பதிவேடு எப்படித் தலைமுறைகளைத் தின்னும் என்பதை நமக்கு வெளிநாட்டார் சொல்லித்தர வேண்டியதில்லை. ரேகைச் சட்டம் என்று தென்மாவட்டங்கள் இன்றும் நினைவு வைத்திருக்கும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920-இல் பெருங்காமநல்லூரில் குண்டடி பட்டுச் செத்தவர்கள் நம்மவர்கள். 1947-இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ஒழித்தது. மனப்போக்கு ஒழிய நாளாகிறது. சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 அக்டோபரில்தான்.

பாதிக்கப்பட்டவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய் மன்னித்துவிடுங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கோ அரசுக்கோ இல்லை. குழந்தைகளிடம் அத்துமீறியவரைப் பள்ளிக்கூடத்துக்கு அருகிலும் விடக் கூடாது. போக்சோ விதிகள் கேட்கும் காவல் சரிபார்ப்பு அப்படியே இருக்கட்டும். பணமோசடியில் தண்டிக்கப்பட்டவரைக் கருவூலத்தில் உட்கார வைக்கவும் சொல்லவில்லை. குற்றத்துக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருந்தால் தடை இருக்கட்டும். சாராய வழக்குக்கும் தோட்டவேலைக்கும் என்ன சம்பந்தம்? வேலையில்லாப் பட்டதாரிகள் வரிசையில் நிற்க இவர்களுக்கு முன்னுரிமையா என்றும் கேட்பார்கள். ஒதுக்கீடு கேட்கவில்லை. அதே வரிசையில் நிற்க விடச் சொல்கிறேன்.

சிறைக்குள் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் தண்டிக்கப்படவே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். இவர்களில் பலர் ஒருநாள் விடுதலையாவார்கள். ‘உள்ளே போனவன்’ என்ற பெயர் அப்போதும் கூடவே வரும்.

ஆக, உங்களிடம் கேட்பது இது. காவலர் பணி விதிகளின் கீழ் ஒட்டியிருக்கும் அந்த விளக்கத்தை நீக்குங்கள். வழக்கை மறைக்காதவரின் மனுவைத் தனித்தனியாகப் பார்க்க ஒரு குழு போடுங்கள். மற்ற அரசுப் பணிகளுக்கும், அரசு ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும் துப்புரவு, பராமரிப்பு நிறுவனங்களுக்கும், சிறு தண்டனைகளைப் பொறுத்தவரை ஐந்தோ ஏழோ ஆண்டு என்று ஒரு கெடு வையுங்கள். எத்தனை ஆண்டு என்பதில் தகராறு இருக்கலாம், பேசிக்கொள்வோம். ஃப்ரீடம் பங்குகளில் வேலை பார்த்தவர் விடுதலையானதும், அவர் விரும்பினால், வேறு ஊர் பங்க் ஒன்றில் வேலைக்குச் சேர்த்துவிட எண்ணெய் நிறுவனத்தோடு பேசுங்கள். காவலாளிச் சட்டத்தில் கெடு சேர்க்கச் சொல்லி டெல்லிக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். டெல்லிக்குக் கடிதம் எழுதுவது தமிழ்நாட்டு முதலமைச்சர்களுக்குக் கைவந்த கலை.

பணி விதியை மாற்ற டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை, அரசாணை போதும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் அடுத்த அறிவிப்பை வெளியிடுவதற்கு முன் அது வந்துவிட்டால், இந்த ஆண்டு ஓடியும் நீளம் தாண்டியும் தயாராகிக்கொண்டிருக்கும் பையன்களில் சிலருக்காவது பயன்படும். வயது வரம்பு அவர்களுக்காகக் காத்திருக்காது.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்