சுருட்டியா, கொக்கியா: சென்னைத் தம்பிக்கு என் பதில்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவன் சேதுபாவாசத்திரம் பக்கத்தில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். கப்பல் வேலைக்குப் போய்ப் பல ஆண்டு கழித்துத் திரும்பி, இப்போது சென்னையில் நண்பர்கள் இருவரோடு கூட்டுச் சேர்ந்து, 30 அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறான். மாதத்தில் ஒரு நாள் பந்தயம். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் கரையோரமாக மாமல்லபுரம் வரை ஓட்டிவிட்டு வருவது. அந்தப் படகின் முன்பாய்க்கு ஃபர்லர் மாட்டலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. கூட்டாளிகளில் பந்தயப் பைத்தியமான ஒருவர் கூடவே கூடாது என்கிறாராம். குழுவில் வந்த பதில்களில் பாதி நையாண்டி. அதனால் என் கருத்தை இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஃபர்லர் என்றால் என்ன என்று தஞ்சாவூர் உறவினர்கள் கேட்பது காதில் விழுகிறது. பாய்மரத்தின் உச்சியிலிருந்து படகின் முன்தலைக்கு ஒரு கம்பிவடம் சாய்வாக இறங்கும். முன்தலையை அணியம் என்று கடற்கரைப் பிள்ளைகள் சொல்வார்கள். அந்த வடத்தில்தான் முன்பாய் நிற்கும். பழைய முறையில் பாயின் ஓரம் முழுக்க வரிசையாகப் பித்தளைக் கொக்கிகள் இருக்கும். பாயைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டுமென்றால் ஓர் ஆள் அணியத்துக்குப் போய், ஆடுகிற தளத்தில் மண்டியிட்டு, ஈரப் பாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கொக்கியாகக் கழற்ற வேண்டும். ஃபர்லர் உள்ள படகில் அந்தக் கம்பிவடத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் குழல் போட்டிருக்கும். பாயின் ஓரம் குழலின் பள்ளத்தில் செருகி நிற்கும். அடியில் ஓர் உருளை, உச்சியில் சுழலும் ஒரு வளையம். உருளையில் சுற்றிய கயிறு படகின் பின்பக்கம், சுக்கான் பிடிப்பவர் கையருகே வந்து சேரும். அதை இழுத்தால் குழல் திரும்பும், பாய் கோரைப்பாய் மாதிரிச் சுருண்டுகொள்ளும். இரண்டுக்கும் பாய் என்றே பேர் வைத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். நான் அதைப் பாய்சுருட்டி என்றே எழுதுகிறேன்.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு வழியிலும் சொல்லலாம். வாய்க்கால் மதகில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பலகை செருகுகிற காலம் ஒன்று இருந்தது. பிறகு திருகு வைத்த ஷட்டர் வந்தது. லஸ்கர் கரையில் நின்றபடியே சக்கரத்தைச் சுற்றுகிறார், தண்ணீர் நிற்கிறது. பொதுப்பணித் துறைக்காரர் நாவில் இன்றும் இருக்கிற இந்த லஸ்கர் என்ற சொல், ஒரு காலத்தில் கப்பலில் பாய் இழுத்த நம் நாட்டு மாலுமிகளுக்கும் வழங்கியது. காவிரி மதகுக்காரருக்கும் கடலோடிக்கும் ஒரே பெயர். நம் தம்பியின் கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

என் பதில்: மாட்டு.

பந்தயக்காரர் சொல்லும் குறைகள் எல்லாம் உண்மைதான். குழலும் வளையமும் உயரத்தில் எடை கூட்டும். உருளை இருக்கும் இடத்துக்காகப் பாயின் அடியைச் சற்று உயர்த்த வேண்டும். தளத்தைத் தொட்டு நிற்கும் பாய்க்குள்ள வேகம் அதனால் குறையும். பாதி சுருட்டிய பாய் நடுவில் பை மாதிரி உப்பி, படகை முன்னே இழுப்பதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் சாய்க்கும். நிரந்தரமாகச் சுருட்டி வைக்கிற பாய்க்கு வெயில் காப்புத் துணியை ஓரத்தில் தைக்க வேண்டும், அதுவும் பாரம். சில நொடிகளில் வெற்றி தோல்வி முடிவாகும் பந்தயத்தில் இவற்றைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் அவர் ஆறு பேர் ஏறுகிற நாளை வைத்துப் பேசுகிறார். தம்பி, நீ எழுதியதில் ஒரு வரியை யாரும் கவனிக்கவில்லை. மற்ற ஞாயிறுகளில் பெரும்பாலும் நீயும் உன் 12 வயது மகளும் மட்டும் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். ஆடி, ஆவணி மாலைகளில் சென்னைக் கரையில் என்ன நடக்கும் என்பது உனக்கே தெரியும். பகலெல்லாம் கடற்காற்று சுகமாக வீசும். நாலரை, ஐந்து மணிக்கு மேற்கே கறுக்கும். கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து இடியோடு காற்று பாயும். அப்போது முன்பாயைக் குறைக்க நீ அணியத்துக்குப் போனால் சுக்கானில் யார் இருப்பார்? அந்தப் பெண். நீ தவறி விழுந்தால் 30 அடிப் படகைத் திருப்பிக்கொண்டு உன்னைத் தேடி வர வேண்டியவளும் அவள்தான். படகுக்குச் சாமான் வாங்கும்போது இந்த மாலையை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

நம் நாட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கடற்படையின் தாரிணி, 56 அடிப் பாய்மரப் படகு, கோவாவில் கட்டியது. 2017 செப்டம்பரில் ஆறு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றப் புறப்பட்டு 2018 மே மாதம் திரும்பினார்கள். அதே படகில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி தில்னா, ரூபா என்ற இரண்டே அதிகாரிகள் கிளம்பி, ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29-இல் கோவா திரும்பினார்கள். ரூபா நம் புதுச்சேரிப் பெண். ஒருவர் தூங்கும் நேரத்தில் அவ்வளவு பெரிய படகு மற்றவர் ஒருவரின் பொறுப்பு. அப்படிப்பட்ட படகில் முன்பாயைப் பின்னாலிருந்தே சுருட்ட முடிவதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொல்வார்களா?

என் சித்தப்பா மகன் குழுவில் கேட்டிருந்தான்: "ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் போனபோது ஃபர்லர் இருந்ததா?" இல்லை தம்பி. ஆள் இருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்ததே, அதை ஓட்டியவர்கள் பிறந்ததிலிருந்து கயிறு பிடித்த யாழ்ப்பாணத்து மாலுமிகள். இன்றும் தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியைப் பார். ஒரே பாய்தான். காற்று பலத்தால் ஆட்கள் குறுக்குப் பலகையில் வெளியே ஏறி உட்கார்ந்து தங்கள் உடம்பையே எடையாக்குகிறார்கள். பாக் நீரிணைப் படகுகளின் அந்தப் பலகையைப் பற்றி, சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் நூறு ஆண்டுக்கு முன்பே எழுதியிருக்கிறார். அழகான ஏற்பாடுதான், வெளியே ஏற ஆள் இருக்கிற வரைக்கும். உன் மகளை நீ பலகையில் ஏற்றப்போவதில்லை.

சரி, பந்தயக்காரரையும் விட்டுவிடாமல் செய்ய வழி உண்டு. இரண்டு பள்ளம் உள்ள குழலாகப் பார்த்து வாங்கு. ஒரு பாய் நிற்கும்போதே அடுத்த பாயை மற்றப் பள்ளத்தில் ஏற்றலாம். சில தயாரிப்புகளில் அடி உருளையைப் பிரித்துக் கழற்றிவிட முடியும். பந்தயத்தன்று கழற்றிவிட்டு, காப்புத் துணி இல்லாத மெல்லிய பெரிய பாயைத் தளம்வரை இறக்கி மாட்டட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு பாய். அதன் முன் ஓரத்தில் நுரைப்பட்டை வைத்துத் தைத்தால், கொஞ்சம் சுருட்டினாலும் நடுவில் உப்பாது. அப்படியும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டிவிட்டு அதை நல்ல பாய் என்று நம்ப வேண்டாம். பலத்த காற்றுக்கென்று சின்னப் பாய் ஒன்று தனியாக இருக்கட்டும்.

நீ அனுப்பிய கையேட்டை இரண்டு முறை படித்தேன். வாத்தியார் புத்தி, அடிக்கோடும் போட்டேன். மாட்டும்போது பலரும் கோட்டை விடுகிற இடம் உச்சியில் இருக்கிறது. பாயை மேலே இழுக்கும் ஆஞ்சான் கயிறு, குழலை ஒட்டி அதே திசையில் போனால், சுருட்டும்போது வளையத்தின் மேல்பாதியும் கூடவே திரும்பி, கயிறு குழலைச் சுற்றிக்கொள்ளும். பிறகு பாய் விரியவும் விரியாது, சுருளவும் சுருளாது. அந்த நேரத்தில் கீழே இருந்து பலம் கொண்ட மட்டும் இழுத்தால் உள்ளே இருக்கும் கம்பிவடத்தின் இழைகளே முறுக்கி அறுந்து போகும். வடம் போனால் பாய்மரமும் போகும். ஆகவே ஆஞ்சான், வளையத்திலிருந்து சற்றே பின்னோக்கிச் சாய்ந்து பாய்மரத்துக்குப் போக வேண்டும். எத்தனை பாகை என்பது கையேட்டில் இருக்கிறது. பாய் உயரம் குறைவானதால் வளையம் தாழ்ந்து நின்றால், பாயின் தலையில் துண்டு வடம் ஒன்றைச் சேர்த்து வளையத்தை அதன் இடத்துக்கு உயர்த்து. பாய்மரத்தில் நீயோ உன் நம்பிக்கைக்குரியவரோ ஏறிக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். தரையில் நின்று அண்ணாந்து பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லும் தொழிலாளியை நம்பாதே.

அடியில், உருளைக்குள் போகும் கயிறு செங்குத்துக் கோணத்தில் நுழைய வேண்டும். கோணம் பிசகினால் ஒரே பக்கம் குவிந்து சிக்கிக்கொள்ளும்; கிணற்று ராட்டினத்தில் கயிறு தடம் மாறிய கதைதான். பாயை விரிக்கும்போது அந்தக் கயிற்றை அப்படியே விட்டுவிடாமல் கையில் சற்று இறுக்கிப் பிடித்து விட வேண்டும், அப்போதுதான் உருளையில் ஒழுங்காகச் சுற்றும். இந்த வேலையை மகளுக்குக் கொடு. பலத்த காற்றில் பாய் இறுக்கமாகச் சுருளும், அதற்குக் கூடுதல் சுற்றுகள் தேவைப்படும். ஆகவே உருளையில் மிச்சச் சுற்று இருக்கிறதா என்று துறைமுகத்துக்குள்ளேயே எண்ணிப் பார்த்துக்கொள். கையால் இழுத்துச் சுருளவில்லை என்றால் விஞ்சில் போட்டுத் திருகாதே. எங்கோ தடுக்கிறது, முதலில் அதைக் கண்டுபிடி.

இன்னொன்று. கொக்கிப் பாய் இறக்கினால் பைக்குள் போய்விடும். சுருட்டிய பாய் மேலேயே நிற்கிறது என்பதால் கட்டிவிட்டு வீட்டுக்குப் போக மனம் வரும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா வந்தபோது மல்லிப்பட்டினத்தில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். காற்று பிடிக்க ஒரு விளிம்பு கிடைத்தால் போதும், சுருளிலிருந்து ஒரு முழம் பாய் வெளியே வரும். அப்புறம் மீதி எல்லாம் அவிழ்ந்து, கட்டிய படகையே இழுத்துக்கொண்டு போகும். ஐப்பசி பிறந்ததும் புயல் எச்சரிக்கைக்குக் காத்திராமல் முன்பாயைக் குழலிலிருந்து உருவி வீட்டுக்கு எடுத்துப் போய்விடு.

விலை லட்சத்தில் வரும் என்று எழுதியிருந்தாய். மூன்றாகப் பங்கிடுவதில் சச்சரவு என்றால் உன் பங்கைக் கூடுதலாகப் போடு, மற்ற ஞாயிறுகளில் அதிகம் ஓட்டுபவன் நீதானே. பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேறு எங்கேயாவது பிடி. ஆனால் பழைய கம்பிவடத்தின் மேலேயே புதுக் குழலைப் போடச் சம்மதிக்காதே. ஒருமுறை குழல் மூடிவிட்டால் உள்ளே உள்ள துரு கண்ணுக்குத் தெரியாது. வடத்தின் இரண்டு முனையிலும் ஆடிக் கொடுக்கும் இணைப்பு இருக்கிறதா என்றும் பார். அந்த வடம் வாங்கி எத்தனை வருடம் ஆகிறது என்று படகை விற்றவரிடம் கேட்டுக் கீழே கமெண்டில் எழுது. கூட்டாளியையும் படிக்கச் சொல், அவர் மறுத்து எழுதினால் பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.